ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பு ஆண்களின் இரவு வாழ்க்கை, போதைப்பொருள், உடலுறவில் சம்மதம் இவற்றைப் பற்றிய ஆய்வுக்குத் தமிழ் பேசுகிறவர்களைத் தேடிப் பேட்டி எடுப்பது என் வேலை. உங்களைப் போன்ற ஒரு குழு அனுமதித்த ஒப்புதல் படிவத்தை நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவன் நான்.

அந்தப் படிவத்தில் ஒரு வரி உண்டு. நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும், சட்டம் கேட்டால் தவிர. அண்மையில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில் உட்கார்ந்து ஒருவர் அந்த வரியில் விரலை வைத்தார். "அண்ணே, சட்டம் கேட்டா குடுத்துடுவீங்களா?" கொடுக்க வேண்டி வரலாம் என்றேன். வேறென்ன சொல்வது? படிவத்தை நான்காக மடித்து என்னிடமே தந்துவிட்டு, தே ஓவை, அதாவது பாலில்லாத தேநீரை, குடித்து முடிக்கும்வரை காற்பந்து பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் கிளம்பிவிட்டார்.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. போதைப்பொருள் உட்கொண்டால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் என்கிறது சட்டம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பேங்காக்கில் உட்கொண்டுவிட்டு வந்தாலும் இங்கே குற்றம்தான். ஒருவர் போதைக்கு அடிமையாகியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஏழு நாளுக்குள் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இப்போது இதை யோசியுங்கள். 'ஐஸ்' என்கிற மெத்தாம்ஃபெட்டமின் எடுத்திருந்த ஒருவரை, அவர் வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத நிலையில் யாரோ தொட்டுவிடுகிறார். மறுநாள் அவர் எங்கே போய்ச் சொல்வார்? போலீசிடம் போனால் முதலில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வரலாம். மருத்துவரிடம் போகவும் தயக்கம். வீட்டில் இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனம்விட்டுப் பேச மிஞ்சுகிற ஆள் ஆய்வாளர்தான். அங்கேயும் அந்த வரி.

ஆண்களுக்கிடையேயான உடலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377ஏ போய்விட்டதே, இன்னும் என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது உண்மை. அது நீங்கியதும் வந்த நிம்மதியும் உண்மை. ஆனால் அந்த ராத்திரிகளைப் பற்றி வாய் திறக்க அது மட்டும் போதாது. வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் ஊழியரின் நிலை இன்னும் மோசம். எச்ஐவி இருப்பது தெரிந்தால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, சின்னச் சமூகத்தின் சங்கடம். பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று படிவங்கள் நம்புகின்றன. "இந்தியர், 34, தாதி, செங்காங், தமிழில் பேசினார்" என்று கட்டுரையில் அச்சாகட்டும், தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நாலு பேரிடம் விசாரித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சீன ஆண்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது. அதற்காகத் தமிழர்களை 'மற்றவர்' கட்டத்துக்குள் போட்டு மூடிவிடவும் கூடாது. அடையாளத்தை எந்த அளவுக்குக் கலைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆய்வு இல்லாத இடத்தில் ஊகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை. செந்தோசாத் தீவில் 2001 முதல் தேசிய தினத்தையொட்டித் தன்பாலீர்ப்பாளர்களின் 'நேஷன்' என்ற விருந்து நடந்துவந்தது. எச்ஐவி கூடியதற்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்று ஒரு நிபுணர் கருதுவதாக, 2005 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னவர் அப்போது சுகாதார மூத்த துணை அமைச்சராக இருந்த மருத்துவர் பாலாஜி சதாசிவன். அது ஓர் ஊகம்தான், மேலும் ஆய்வு தேவை என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். ஊகம் தலைப்புச் செய்தியானது. அந்த ஆண்டு விருந்துக்கு அனுமதி கிடைக்காமல் அது தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போனது. ஆய்வு வேண்டும் என்ற பாதியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சரி, என்ன செய்யலாம்? கையெழுத்துக்குப் பதில் வாய்மொழி ஒப்புதலை ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்துதான் பல நேரங்களில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தாள். ஒலிப்பதிவைக் கட்டாயமாக்காதீர்கள். பெயரையும் பேட்டி எண்ணையும் இணைக்கும் பட்டியலே வேண்டாம் என்று ஆய்வாளர் எழுதினால், பொறுப்பில்லாதவர் என்று திருப்பி அனுப்பாதீர்கள். சம்மதம், இன்பம், கூட இருந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, நோய் பற்றிய கேள்விகளை மட்டும் விட்டுவைக்காதீர்கள். அப்படி வடிகட்டிய ஆய்வில், மயக்கத்தில் இருந்தவர் சம்மதித்தாரா என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இவையெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. சட்டம் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் சட்டம் இயற்றுகிறவர்களிடம் பேச உங்களுக்கு இடமிருக்கிறது, எனக்கு இல்லை. அமெரிக்காவில் தேசிய சுகாதாரக் கழகத்தின் நிதியில், பங்கேற்பவரின் அந்தரங்கத் தகவலைத் திரட்டி நடக்கும் ஆய்வுகளுக்கு 2017 முதல் ரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே கிடைக்கிறது. பங்கேற்றவரை அடையாளம் காட்டும் தகவலை நீதிமன்றம் கேட்டாலும் ஆய்வாளர் கொடுக்க வேண்டியதில்லை. போதைப்பொருளை அனுமதிக்கும் ஏற்பாடு அல்ல அது. அதுபோல ஒன்றை இங்கேயும் கொண்டுவரச் சொல்லி அமைச்சுக்கு எழுதுங்கள். அதுவரை, புதிய படிவம் எழுதும்போது எங்களைப் போன்ற பேட்டியாளர்களையும் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

இப்படிக்கு,
பேட்டி எடுப்பவர்களில் ஒருவன்