எச்சரிக்கை வந்தது, பார்க்க ஆளில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருளில் பிழைகள் பெருகினால் புதிய கருவி வாங்குவதும், அது கைகொடுக்காவிட்டால் ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. கருவியையும் அதைக் கையாளும் ஆட்களையும் தனித்தனியாகத் திருத்தப் பார்ப்பதால்தான் இரண்டுமே திருந்துவதில்லை.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பங்கு ஆர்டர்களை அனுப்பும் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ஏழில் ஏறியது, ஒன்று விடுபட்டது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கிய ஃபிளாக்கையே, அதாவது நிரலுக்குள் ஒரு வசதியை இயக்கும் சுவிட்சையே, புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிப் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நிரலை ஒருவர் ஏற்றினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறை அங்கே இல்லை. சந்தை திறக்கும் முன்பே, கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் தானாகவே ஊழியர்களுக்குப் போயின. ஆனால் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாததால் யாரும் அசையவில்லை. பிறகு பதற்றத்தில், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்க, அவற்றிலும் பழைய நிரல் ஓடத் தொடங்கியது.

எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாத இதே நோய் சிறிய அளவில் அன்றாடம் நடக்கிறது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகளில் ஒன்று காரணமில்லாமல் சில நேரம் தோற்கும், சில நேரம் தேறும். மறுபடி ஓட்டினால் தேறியதற்கான பச்சை வந்துவிடும் என்று குழு பழகிக்கொள்ளும். உண்மையான பிழை சிவப்பில் வரும்போதும் கை அதே பொத்தானுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட சோதனையை அன்றே பிரதான வரிசையிலிருந்து விலக்கி, ஒருவர் பொறுப்பில் கெடு வைத்து ஒப்படைக்க வேண்டும். கெடுவுக்குள் சரியாகாவிட்டால் நீக்கிவிடலாம். நம்ப முடியாத சோதனை, இல்லாத சோதனையை விடக் கெடுதல்.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும் நிரல் மதிப்பாய்வு இன்னும் மோசம். 1,200 வரி மாற்றம் ஒன்று வந்தால் மூன்று நாள் கிடக்கும், பிறகு 'சரி' என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விடும். 150 வரி வந்தால், பிழை கையாளப்படாத இடத்தை அரை மணியில் சுட்டிக்காட்டுவார்கள். 200 முதல் 400 வரிக்கு மேல் ஒரே அமர்வில் கூர்மையாகப் படிப்பது கடினம். ஆனால் அளவுக்கு வரம்பு வைத்தால் மட்டும் போதாது. மதிப்பாய்வு செய்யும் நேரம் வேலைக் கணக்கில் சேர வேண்டும். எழுதிய வரிக்குப் பாராட்டும் படித்த வரிக்கு ஒன்றுமில்லாமலும் இருந்தால் யார் படிப்பார்கள்? மூத்தவரின் நிரலில் இளையவர் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத சூழலும் வேண்டும். இதை எந்தக் கருவியும் தராது.

கையிலிருக்கும் வேலையைக் குறைப்பதும் அவசியம். வாரத்துக்கு 3 வேலை முடிக்கும் குழு 12 வேலைகளைத் தொட்டு வைத்திருந்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக 4 வாரம். முடிக்கும் வேகம் குறையாமல் கையில் 6 மட்டும் வைத்திருந்தால் 2 வாரம்தான்.

கடைசியாக, கோளாறுக்குப் பின் நடக்கும் கூட்டம். 'யார் செய்தது' என்று தொடங்கினால் அடுத்த முறை விவரம் மறைக்கப்படும். அந்த நேரத்தில் வேலை செய்தவரின் திரையில் என்ன தெரிந்தது, எதை நம்பி அந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்று கேட்டால் ஓட்டை எங்கே என்பது வெளியே வரும். அறிக்கை 'இனி கவனமாக இருப்போம்' என்று முடிந்தால் கூட்டத்தைத் திரும்ப நடத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி இருக்க வேண்டும். அது அடுத்த வாரப் பணிப் பட்டியலிலேயே, புதிய வசதிகளுக்கு மேலே, இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர்