பாளையங்கோட்டை மாடியில் கேட்ட ராக் கச்சேரி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருகுறிச்சியில் 34 வருடமாக மைக் செட் வைத்துத் தொழில் செய்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹாலில் கேட்ட ராக் கச்சேரியைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, குழாய் வேண்டாம். பெரிய பாக்ஸ் ரெண்டு மட்டும் கொண்டு வாங்க" என்று ஒரு தம்பி போனில் கேட்டார். விவரம் தெரிந்த பிள்ளை என்று அப்போதே நினைத்தேன். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். கூம்புக் குழாயில் அது எழும்பவே எழும்பாது.

ஜவுளிக்கடைக்கு மேலே தையல் வகுப்பு நடக்கும் ஹால் அது. மெஷின்களைச் சுவரோரம் தள்ளி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நாற்பது பேர் வந்திருப்பார்கள். வாசித்தது மூன்று பையன்களும், பேஸ் கிட்டாரில் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். எர்த் சரியில்லாமல் ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டே இருந்ததால் முதல் பாட்டு என் காதில் ஏறவில்லை.

இரண்டாவது பாட்டில்தான் நிமிர்ந்தேன். டிரம்ஸ் தம்பி தனியாக ஓர் அடியைத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த அடி. சுடலைமாடன் கொடையில், நடுச்சாமத்தில், கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைத் தீயில் காய்ச்சி எடுத்துச் சாமியாடி எழும்புகிற நேரத்தில் அடிப்பார்களே, அதேதான். தாழ்ந்த ஒலி தரும் மந்த மகுடத்தின் அடியைத் தரையில் நிற்கும் பெரிய டிரம்முக்கும், உயர்ந்த ஒலி தரும் உச்ச மகுடத்தின் அடியை ஸ்னேர் என்கிற சின்ன டிரம்முக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். நாலைந்து சுற்று ஓடியபின் பேஸ் வந்து சேர்ந்ததும், சுவரில் ஆணியில் தொங்கிய கத்தரிக்கோல்கள் எல்லாம் கிணுகிணுத்தன. அப்புறம் கிட்டார். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு ஒற்றைச் சுரத்தை இழுத்து நிறுத்தினார் பாருங்கள், மிக்சரில் கை இருப்பதே மறந்துவிட்டது. ஆற்று மணல் போன கதையைச் சொல்கிற தமிழ்ப் பாட்டு.

நடுவில் என் கேபிள் ஒன்று பழுதாகிப் பாடுகிறவரின் மைக் நின்றுபோனது. அவர் நிறுத்தவில்லை. மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை, சத்தத்தைச் சட்டென்று தாழ்த்திவிட்டார்கள். வெறுந்தொண்டையில் பாடியது கடைசி வரிசைவரை கேட்டது. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிறவர்களால்தான் அது முடியும்.

நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊர்க்காரன் நான். "மேளத்தைப் பக்கத்துல உக்காந்து கேக்கணும்ல, குழாய்ல வாரது பாதிதான்" என்று, அவர் வாசிப்பை நேரில் கேட்ட என் அப்பா சொல்வார். அன்றைக்கு எட்டடி தூரத்தில் இருந்து கேட்டபோது அப்பா ஞாபகம்தான்.

முடிந்ததும் டிரம்ஸ் தம்பியிடம் கேட்டேன். "சின்ன வயசுல கொடைக்குப் போனா மகுடத்துக்குப் பக்கத்துலயேதான் இருப்பேன் அண்ணாச்சி" என்றார்.

இந்தப் பிள்ளைகள் முதலில் வேறு ஒரு மண்டபம் பேசி முன்பணமும் கொடுத்திருந்தார்கள். ராக் என்று தெரிந்ததும் கலாட்டா ஆகும் என்று மண்டபத்துக்காரர்கள் முந்தின நாள் பணத்தைத் திருப்பிவிட்டார்களாம். மனசு வலித்தது. ஒலிபெருக்கிக்குச் சட்டம் சொல்வது இரவு 10 மணி, இவர்கள் 9.20-க்கே முடித்து, ஜமுக்காளத்தை மடித்து, மெஷின்களை எல்லாம் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

உங்கள் நெல்லைப் பதிப்பில் தினமும் சொற்பொழிவு, பட்டிமன்றம், நூல் வெளியீடு எல்லாம் போடுகிறீர்கள். இப்படிப்பட்ட சின்னக் கச்சேரிகளுக்கும் அங்கே நாலு வரி கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சும்மா கிடக்கும் ஹால் வைத்திருப்பவர்களும் ஒருமுறை வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

அடுத்த கச்சேரி அதே மாடியில், வருகிற மாதம் முதல் சனிக்கிழமை மாலை 6.30-க்கு. பாக்ஸ் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எர்த்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
மைக் செட்காரர்,
காருகுறிச்சி.