கருவி கட்டிக்கொண்டு மலைக்குப் போனவர்களுக்கு நன்றி

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது முதுகும் கழுத்தும் தோளும் தாங்குகிற பாரத்தை, உடம்பில் அணியும் சிறு கருவிகளால் அளக்க முடியுமா? இந்தக் கேள்வியோடு எங்கள் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து தொடங்கிய ஆய்வின் களப்பணி இம்மாதம் நிறைவடைந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இந்த ஆய்வில் சேர்ந்து படிக்கும் மாணவியாக இந்த நன்றி மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, கருவிகளைக் கட்டிக்கொண்டு மழையிலும் மலை ஏறிய அம்மாமாருக்கும் அக்காமாருக்கும். பெயர்களை வெளியிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதனால் இங்கே எழுதவில்லை. ஒவ்வொருவர் பெயரும் என் மனதில் இருக்கிறது.

நீங்கள் செய்தது வெறுமனே அணிந்து காட்டியது அல்ல. மணிக்கட்டுப் பட்டி தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித் துடிப்பைக் கணிக்கிறது. கை ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தால், அந்த அசைவையே நாடியென்று அது எடுத்துக்கொள்வதுண்டு. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்போது கிடைக்கும் சமிக்ஞையும் மெலிந்துவிடும். கொழுந்து மலையில் இந்த இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. ஆய்வுகூடத்துக்குள் நடந்து பார்த்த எங்களுக்கு இது தெரியவில்லை. “இது என் நாடியை எண்ணவில்லை தங்கச்சி, நான் பறிக்கிற வேகத்தைத்தான் எண்ணுகிறது” என்று, கையை நிறுத்தியும் ஆட்டியும் காட்டிய அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகே பட்டியை மேற்கைக்கு மாற்றினோம். முதுகின் வளைவை அளக்கும் உணரியை, இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

இப்படிப்பட்ட கருவிகளை யாருடைய உடம்பில் சோதிக்கிறோம் என்பது சிறிய விடயமல்ல. விரல்நுனியில் மாட்டி, இதேபோல ஒளியைச் செலுத்தி அளக்கும் ஒட்சிசன்மானி, இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருப்பதைத் தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எங்கள் தோலிலும் எங்கள் குளிரிலும் சோதிக்கப்படாத கருவி எங்களைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது என்பதே என் எண்ணம்.

“இந்தக் கணக்கு தோட்டத்து ஒபிசுக்குப் போகுமா?” என்று கேட்ட அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கை வேகத்தை அளக்கும் கருவி முதுகைக் காக்கவும் உதவும், ஆளை விரட்டவும் உதவும். அவர் கேட்ட பிறகு, தனியாள் தரவு எதுவும் நிருவாகத்துக்குக் கொடுக்கப்படாது என்ற வரி ஒப்புதல் படிவத்தில் சேர்ந்தது. அந்தப் படிவத்தை, வாசித்தால் விளங்கும் தமிழில் மீண்டும் எழுதி வாருங்கள் என்று திருப்பியனுப்பிய அறநெறிக் குழுவினருக்கும் நன்றி.

காலையில் கருவி கட்டும்வரை பொறுத்துக்கொண்ட, வேலையை மேற்பார்க்கும் கங்காணிமாருக்கும், குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் எங்களுக்கு ஓரிடம் ஒதுக்கித் தந்தவர்களுக்கும், நனைந்த கருவிகளை இரவோடிரவாகத் திருத்திய சிங்கள நண்பர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கடல் கடந்த கூட்டாளிகள் தரவைப் பகுக்கும் மென்பொருளைத் தந்ததோடு, களத்திலிருந்து நாங்கள் சொன்னதைக் கேட்டு அதை மாற்றியும் தந்தார்கள். என் மேற்பார்வையாளர்கள் இருவரும், அவசரப்படாதே என்று சொல்லிச் சொல்லி வழிநடத்தினார்கள்.

கட்டுரையாக வெளியிடுமுன், முடிவுகளை வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே தமிழில் சொல்லுவோம். திகதியைக் கங்காணிமார் மூலம் அறிவிப்போம். அதுவரை, தமது தரவை நீக்கிவிட விரும்புகிறவர்கள் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.