இரண்டு தொட்டிகளிலும் ஒரே டிராகன்: கைவேலை என்று விற்கப்பட்ட ஆர்க்கிட் தொட்டிகள் குறித்துப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், யோகோஹாமா
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: நிஷிகி தொட்டிகள் இரண்டுக்கான பணத்தைத் திரும்பக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த பிப்ரவரியில் ஃபூகிரான் ஆர்க்கிட் வைப்பதற்காக உங்களிடம் இரண்டு நிஷிகி தொட்டிகள், அதாவது பல வண்ணச் சித்திரம் தீட்டிய தொட்டிகள், வாங்கினேன். ஜப்பானியத் தொட்டி அளவில் மூன்றரை கோ, அதாவது வாயின் விட்டம் சுமார் 10.5 செ.மீ. கறுப்பு உடல், பொன் விளிம்பு, மூன்று கால்கள், சுற்றிலும் மேகங்களுக்கிடையே ஒரு டிராகன். "சக்கரத்தில் வனைந்து, தூரிகையால் வரைந்தது" என்று உங்கள் விற்பனைக் குறிப்பில் இருந்தது. அதை நம்பித்தான் தொட்டி ஒன்றுக்கு 26,000 யென் கொடுத்தேன். வந்து சேர்ந்தவையோ அச்சில் வார்த்து, ஒட்டுப்படம் ஒட்டிச் சுட்ட தொட்டிகள்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். "கைவேலைப் பொருள்களில் சிறு வேறுபாடுகள் இருப்பது இயல்பு, அதைக் குறையாகக் கருத வேண்டாம்" என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. இரண்டு தொட்டிகளுக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது என்று நான் எழுதவில்லை. வேறுபாடே இல்லை என்பதுதான் என் புகார்.

இரண்டிலும் டிராகனின் இடது முன்காலில் மூன்றாவது நகத்தின் சிவப்பு, கோட்டைத் தாண்டி வெளியே வழிந்திருக்கிறது. இரண்டிலும் வால் அருகே ஒரு செதிலுக்கு வண்ணம் விட்டுப்போயிருக்கிறது. ஒரே கைதான் வரைந்தது என்றாலும் ஒரே பிழையை ஒரே இடத்தில், ஒரே அளவில் இரண்டு முறை செய்ய எந்த ஓவியராலும் முடியாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மேகத்தின் நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பின்பக்கத்தில், படத்தின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில், ஒரு முனை மற்றொன்றின் மேல் மெல்லிசாக ஏறியிருக்கிறது. தடவிப் பார்த்தால் எல்லாம் சமதளம். தூரிகையால் வைத்த எனாமல் வண்ணம் சுட்ட பிறகும் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். என்னிடம் இருக்கும் பழைய தொட்டிகளில் அலையின் நுரையைக் கண்ணை மூடிக்கொண்டே தடவி அறியலாம். உட்புறத்திலோ வனைந்த விரலின் வளையங்கள் எதுவும் இல்லை. மாறாக, வெளிப்புறத்தில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு வாயிலிருந்து அடிவரை நேராக ஓடுகிறது.

ஒட்டுப்படத் தொட்டி இழிவானது என்று நான் சொல்லவில்லை. என் பால்கனியில் அன்றாடம் தண்ணீர் குடிக்கும் செடிகளில் பாதி அப்படிப்பட்ட தொட்டிகளில்தான் இருக்கின்றன. அவற்றை ஒட்டுப்படத் தொட்டி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றார்கள். மனநிறைவோடு வாங்கினேன். கையால் செய்யும் தொட்டியை வனைந்து, உலர்த்தி, கறுப்பு மெருகு பூசிச் சுட்ட பிறகு, வண்ணங்களைத் தீட்டி ஏறத்தாழ 800 டிகிரியில் மறுபடியும் சுட வேண்டும். பொன் விளிம்பு கடைசியில், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் ஏறும். ஒவ்வொரு முறை சூளைக்குள் போகும்போதும் விரிசல் விழலாம், வண்ணம் கெடலாம், அதுவரை செய்த வேலை முழுவதும் வீணாகலாம். நான் பணம் கொடுத்தது அந்த உழைப்புக்கும் அந்த ஆபத்துக்கும்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். படத்தை விட்டுவிட்டாலும் இவை ஃபூகிரான் தொட்டிகளாகத் தேறாது. இந்தச் செடி மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வளர்வது. அதன் வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் வேண்டும். அதனால்தான் ஸ்பாக்னம் பாசியை உள்ளே வெற்றிடம் விட்டு, தொட்டி விளிம்புக்கு மேலே குன்றுபோல் எழுப்பி, அதன்மேல் வேர்களைப் பரப்பி வைக்கிறோம். தொட்டியின் அடித்துளை அகலமாக இருப்பதும், மூன்று கால்கள் அதைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவதும் அந்த வெற்றிடத்துக்குள் கீழிருந்து காற்று ஏறத்தான். நீங்கள் அனுப்பிய தொட்டிகளின் துளையில் என் சுண்டுவிரல்கூடச் சிரமப்பட்டுத்தான் நுழைகிறது. இதில் செடி வைத்தால் மழைக்காலத்தில் பாசி காயாது, வேர் அழுகும். இதை வடிவமைத்தவர் ஒரு ஃபூகிரானையாவது வளர்த்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். மார்ச்சில் பாசி மாற்றும்போது ஷுதென்னோ என்ற என் ஃபூகிரான் வகைச் செடியை இதில் வைத்து, ஜூலையில் இளஞ்சிவப்புப் பூக்களோடு பார்க்கலாம் என்று இருந்தேன். அது இன்னும் பழைய களிமண் தொட்டியில்தான் இருக்கிறது.

பெட்டியோடு வந்த துண்டறிக்கை ஜப்பானை ஆண்ட தோகுகாவா ராணுவ ஆட்சியாளர்களில் (ஷோகுன்) பதினோராவதான தோகுகாவா இயெனாரி இந்தச் செடியின் மேல் கொண்ட மோகத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் தொட்டியை யார் வனைந்தார், எந்தச் சூளையில் சுட்டார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அடியில் முத்திரையும் இல்லை. கிரி மரப்பெட்டியின் மூடியில் இருக்கும் கையெழுத்தும் அச்சடித்ததுதான். சேகரிப்பவர்கள் தொட்டியோடு பெட்டியையும் காப்பாற்றுவது, செய்தவர் தன் கையால் அதில் எழுதியிருப்பார் என்பதற்காக. ஷோகுனுக்கு ஒதுக்கிய இடத்தில் கொஞ்சம் குயவருக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

எனவே, இரண்டு தொட்டிகளுக்கும் கொடுத்த 52,000 யென்னை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. மாற்றுத் தொட்டி வேண்டாம். அதே குறிப்போடு நீங்கள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கும் மற்ற தொட்டிகளின் விவரத்தையும் திருத்த வேண்டும். நேற்று மாலை பார்த்தபோதும் "தூரிகையால் வரைந்தது" என்றே இருந்தது. பொருளின் தரத்தை உள்ளதைவிட உயர்வாகக் காட்டி விற்பதை 1962-ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து, இங்குள்ள நுகர்வோர் மையத்தில் இரண்டு தொட்டிகளையும் மேசைமேல் வைத்து முறையிடுவேன்.

நகம், செதில், ஒட்டு முனை, அச்சுக் கோடு, அடித்துளை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். தொட்டிகள் பயன்படுத்தப்படாமல், வந்த பெட்டியிலேயே இருக்கின்றன. எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். வார நாள்களில் மாலை ஏழு மணிக்குப் பிறகுதான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்