மறுப்பதென்றால் எழுத்தில் மறுங்கள்: பிளஸ் ஒன் சேர்க்கை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை உயர் அலுவலர்கள், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கை எப்படி நடக்கும், எந்த குரூப்புக்கு எவ்வளவு கூட்டம் வரும், எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் இடம் காலி என்பதெல்லாம் உங்கள் மேசையில் இருக்கும் விவரங்கள். அதை விளக்கி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. என் அக்காவிடம் கையெழுத்து வாங்கிய ஒரு வெள்ளைத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமத்து ஆட்கள். அக்கா மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு தேறினாள். தமிழ் 78, ஆங்கிலம் 61, கணக்கு 58, அறிவியல் 86, சமூக அறிவியல் 72. மொத்தம் 355. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும் என்று எண்ணம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பது வரை அவளே விசாரித்து வைத்திருந்தாள். அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அதனால் சேர்க்கைக்கு அக்காவோடு நான் போனேன்.

அலுவலக அறையில் மார்க் ஷீட்டைப் பார்த்த ஆசிரியர், "முன்னூத்தி அம்பத்தஞ்சா? ஃபர்ஸ்ட் குரூப் நானூறுக்கு மேலதாங்க. காமர்ஸ் போட்டுக்கறேன்" என்றார். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணக்கும் சேர்ந்த பிரிவு. நானூறு என்பது யார் போட்ட விதி என்று கேட்டேன். "இங்க அதாங்க வழக்கம்." சரி, கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் இருக்கிறதா என்றால், அந்தப் பள்ளியில் அந்தப் பிரிவே கிடையாது. எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பின்னால் வரிசை நின்றது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. அன்று காலையிலிருந்து அதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ.

அப்புறம் வந்தது அந்த வெள்ளைத் தாள். "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லி, அவரே வரி வரியாகச் சொன்னார். 'எனது மகள் வணிகவியல் பாடப்பிரிவில் சேர முழு விருப்பம் தெரிவித்துள்ளார். அதற்கு நானும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். பின்னாளில் பாடப்பிரிவை மாற்றித் தரும்படி கேட்க மாட்டேன்.' என் அக்கா எட்டாவது வரை படித்தவள். 'மனப்பூர்வமாக' என்ற இடத்தில் பேனா நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள். எழுதவில்லை என்றால் சீட்டே கிடைக்காதோ என்ற பயத்தில் அக்கா எழுதி முடித்தாள். நான் பக்கத்தில் நின்று தடுக்கப் பார்த்தேன். "நீ சும்மா இருடா, புள்ளைக்கு இடம் போயிடப் போகுது" என்றாள்.

மறுத்தவர் கையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வாங்க முடியவில்லை. மறுக்கப்பட்டவளின் தாய் கையெழுத்துப் போட்டு, அது மகளுடைய விருப்பம் என்று கோப்பில் ஏறிவிட்டது. நாளைக்கு யாராவது விசாரித்தால், இந்த மாணவி ஆசைப்பட்டு காமர்ஸ் எடுத்தாள் என்பதற்குத் தாயின் கைப்பட ஆதாரம் இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை சின்னது. மாணவர் எந்தப் பாடப்பிரிவைக் கேட்டார் என்பதை விண்ணப்பத்தில் எழுத இடம் கொடுங்கள். அதை மறுப்பதென்றால், காரணத்தோடு எழுத்தில் மறுங்கள். கேட்டதை எழுதவிடாமல் கொடுத்ததை மட்டும் எழுதி வாங்குவதை நிறுத்துங்கள்.

காமர்ஸை நான் மட்டமாகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் படித்ததே காமர்ஸ்தான். அதை வைத்துத்தான் ஒரு பால் சொசைட்டியில் கணக்கு எழுதிக் குடும்பம் நடத்துகிறேன். விரும்பிப் படிக்கிறவர்களுக்கு அது நல்ல படிப்பு. ஆனால் இந்த வழிகள் ஒரு பக்கம் மட்டும் திறப்பவை. அறிவியல் பிரிவு எடுத்தவர் நாளைக்கு மனம் மாறினால் பி.ஏ.வுக்கோ பி.பி.ஏ.வுக்கோ ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கோ போகலாம். காமர்ஸ் எடுத்தவர் மனம் மாறி பி.எஸ்சி. நர்சிங்குக்கோ பி.பார்முக்கோ பிசியோதெரபிக்கோ போக முடியாது. பதினைந்து வயதில், ஒரு அலுவலக மேசையில், பத்து நிமிடத்தில் அந்தக் கதவு மூடுகிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுவதால், பத்தாவதுக்குப் பிறகு இடம் கேட்கப் போகிறவர்கள் ஏதோ சலுகை கேட்பவர்களைப் போலத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

நானூறு மார்க் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். மொத்தம் 500-இல் 400 என்கிறார்கள். அதில் சமூக அறிவியலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்துதான் இருக்கின்றன. அறிவியலில் 86 வாங்கியவள் ஆங்கிலத்தில் 61 என்பதால் உயிரியல் படிக்கத் தகுதியற்றவள் ஆகிறாள். ஐந்து பாடத்திலும் 80 வாங்கியவர் தகுதியுள்ளவர் ஆகிறார். உயிரியல் வகுப்புக்கு ஆள் எடுக்கும்போது அறிவியல் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாதா? அந்தப் பிரிவில் கணக்கும் சேர்ந்து வருவதால் 58 போதாது என்று சொன்னால்கூட ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்வேன். அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

"அவ்வளவு கஷ்டமான பாடத்தில் ஃபெயிலாகிவிட்டால்?" என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட அடுத்த அக்கறை. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மதிப்பெண், தேறுவதற்கு 35. இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். கணக்குப் பதிவியலில் எழுத்துத் தேர்வே 90-க்கு, அகமதிப்பீடு 10 மட்டும். தோல்வி பயம்தான் காரணம் என்றால், இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தார்களா? காமர்ஸ் சுலபம் என்று யார் சொன்னது? ஐந்தொகை சமன் ஆகாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்த என்னிடம் கேளுங்கள்.

உண்மையான காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேர்ச்சி விகிதம். முடிவு வந்த மறுநாளே மாவட்டவாரிப் பட்டியல், பள்ளிவாரிப் பட்டியல், பாடவாரிப் பட்டியல். முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமையாசிரியரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகள் இயற்பியலில் தவறினால் விளக்கம் கேட்டு மெமோ. இருநூறு பிள்ளைகள் விரும்பிய பாடம் கிடைக்காமல் போனால் மெமோ உண்டா? கிடையாது, அதை எண்ணுவதற்குப் பத்தியே இல்லை. இந்த நிலையில் நான் தலைமையாசிரியராக இருந்தாலும் 355-ஐ அறிவியலில் சேர்க்க யோசிப்பேன். பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளக்ஸ் வைக்கிறோம். அந்த நூறு எப்படி வந்தது என்று பிளக்ஸில் எழுத இடம் பத்தாது.

இதைவிட வேடிக்கை தனியார் பள்ளிகளில். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தியது தாங்காமல்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தீர்கள். முதலில் இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கல்லூரிக்கு எடுப்போம் என்றீர்கள், அப்புறம் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றீர்கள். மூன்று முதன்மைப் பாடங்கள் மட்டும் எடுக்கலாம் என்று 2019-இல் புதிய தொகுப்பு அறிவித்தீர்கள், நடைமுறைக்கு வருவதற்குள் பழையதே தொடரும் என்றீர்கள். 2025 ஆகஸ்ட்டில் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டபோது பிளஸ் ஒன் பொதுத் தேர்வே இனி இல்லை என்றீர்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்திருக்கலாம். எத்தனை மாற்றினாலும், எந்த குரூப் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. இத்தனைக்கும் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு போனதால், பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினாலும் பள்ளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் கெடப்போவதில்லை. அந்த ஓர் ஆண்டு அவகாசத்தையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே.

பக்கத்து ஊரில் போய்ச் சேர வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டார்கள். பியூர் சயின்ஸ் உள்ள அரசுப் பள்ளி இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் டவுனில் இருக்கிறது என்று நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை, அதற்கு நன்றி. ஆனால் காலையில் அந்த பஸ் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்கிறது. அதற்கு முந்தையது விடிவதற்கு முன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறீர்கள். இருபது கிலோமீட்டர் போக, இருபது கிலோமீட்டர் வர மிதித்துவிட்டு, நடுவில் தாவரவியலும் படிப்பாள் என்று யாரேனும் எதிர்பார்த்தால், அந்த நம்பிக்கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் இருக்கிறதே என்றார் ஒருவர். நல்ல யோசனை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை, பிரிவும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது. பிளஸ் டூ முடிக்கும்போது 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று உயர்கல்விக்கு வழிகாட்டுகிறீர்கள், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த வழிகாட்டுதல் சேர்க்கை நடக்கும் அந்த வாரத்தில், அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் எங்களுக்கு உதவியிருக்கும். இரண்டு வருடம் கழித்து வந்து எந்தக் கல்லூரி வேண்டும் என்று கேட்பார்கள். அதற்குள் பாதிக் கல்லூரிகள் அவளுக்கு இல்லாமல் போயிருக்கும்.

எரிச்சலில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பற்றாக்குறை, ஆய்வகம், வகுப்பறை எல்லாம் ஒரே நாளில் தீராது என்பது எனக்கும் புரியும். நாற்பது இடத்துக்கு எழுபது பேர் கேட்டால் முப்பது பேருக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பிளஸ் ஒன் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது உங்கள் உத்தரவுதான். அப்படியானால் ஒரு தரவரிசைப் பட்டியல் இருந்தாக வேண்டும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், இடம் கிடைக்காதவர் ஏன் கிடைக்கவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்வார். நாங்கள் போன பள்ளியில் பட்டியலும் இல்லை, விண்ணப்பத்தில் விருப்பம் எழுத இடமும் இல்லை. வாய்வழக்கு மட்டும் இருந்தது.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அடுத்த சேர்க்கைக்கு முன் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். விண்ணப்பத்தில் மாணவர் தன் கையால் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எழுதட்டும். விரும்பியது கிடைக்கவில்லை என்றால் தலைமையாசிரியர் ஒரே வரியில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். இடம் நிரம்பிவிட்டது, பிரிவு இல்லை, ஆசிரியர் இல்லை, எதுவானாலும் சரி. அந்த வரிகளை மாவட்டவாரியாகச் சேர்த்துப் பார்த்தாலே எங்கே பியூர் சயின்ஸ் தொடங்க வேண்டும், எங்கே ஆசிரியர் அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பாடப்பிரிவு உள்ள பக்கத்துப் பள்ளி எது என்பதையும் அதே தாளில் குறிப்பிடச் சொல்லுங்கள். 'மனப்பூர்வமாக' என்று எழுதி வாங்கும் கடிதங்களைத் தடை செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கியவற்றைக் காட்டி, மாற்றம் கேட்கும் மாணவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வகுப்புகள் தொடங்கி இன்னும் அதிக நாள் ஆகவில்லை. என் அக்கா மகள் பாடப்பிரிவு மாற்றம் கேட்டுத் தன் கையால் ஒரு விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறாள். நகலில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறோம். ஆம் என்றோ இல்லை என்றோ, இந்த மாதத்துக்குள் எழுத்தில் பதில் வர ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மாணவியின் தாய்மாமன்