உன் பெரியம்மா ஓடி வரவில்லை

அன்புள்ள மகளுக்கு,

"பெரியம்மா மடத்திலிருந்து ஓடி வந்தவங்களாமே, உண்மையா ஆன்ட்டி?" என்று கேட்டிருந்தாய். துக்கத்துக்கு வந்த யாரோ உன் காதுபடச் சொன்னார்களாம். உன் வீட்டில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். இதே பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து நடக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான், உன் சம்மதத்தோடு எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

அவள் ஓடி வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

நித்திய வார்த்தைப்பாடு, அதாவது ஆயுள் முழுக்கத் துறவியாக இருப்பேன் என்ற வாக்கு, கொடுத்த கன்னியர் சபையை விட்டு விலகுவதற்குக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 691, 692 ஆகிய எண்களை எடுத்துப் பார். மிகக் கனமான காரணம் இருக்க வேண்டும், அதைக் கடவுள் முன்னிலையில் சீர்தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். மனுவைச் சபையின் தலைமை அன்னையிடம் கொடுத்தால், அவர் தம் கருத்தையும் ஆலோசகர்களின் கருத்தையும் சேர்த்து மேலே அனுப்புவார். உன் பெரியம்மாவின் மனு ரோமுக்குப் போனது. அனுமதி வந்து அதைத் தெரிவிக்கிற அந்த நேரத்தில்கூட "எனக்கு வேண்டாம்" என்று மறுத்துவிடலாம். மறுக்காவிட்டால் வார்த்தைப்பாடுகளும் அவற்றோடு வந்த கடமைகளும் அத்தோடு நீங்கிவிடும். கடிதத்தைப் படித்துக் காட்டிப் பேனாவை நீட்டினார்களாம். அவள் அதை வாங்கித் தானே இன்னொரு முறை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள். இதை ஓட்டம் என்று சொல்பவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

வெளியே வந்தபோது கையில் காசில்லை. துறவி உழைத்துச் சம்பாதிப்பது சபைக்குச் சொந்தம். விலகிச் செல்பவர் அங்கே செய்த எந்த வேலைக்கும் எதுவும் கோர முடியாது என்று 702-ஆம் எண் சொல்கிறது. அவள் வகுப்பெடுத்த ஆண்டுகளின் சம்பளம் அப்படித்தான் போனது. அதே எண்ணில், விலகுபவரிடம் சபை நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த அன்பின் அளவு சபைக்குச் சபை மாறும். விலகிய பிறகு போக்கிடம் இல்லாமல் நின்ற அருட்சகோதரிகளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் ஒரு வீட்டையே ஏற்பாடு செய்திருக்கிறார் என்ற செய்தி 2020-ல் வந்தபோது, அதை எனக்கு அனுப்பி, "நமக்கு முன்னாடியே ஒண்ணு இருந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தாள்.

ஆனால் படிப்பு அவளிடம் இருந்தது. உளவியல் படிக்கச் சொல்லி அனுப்பியதே சபைதான். வெளியே வந்த பிறகு அதுவே அவளுக்குத் தொழிலானது. அந்த நன்றியை அவள் கடைசிவரை மறக்கவில்லை. மடத்தைத் திட்டினால் உன் பெரியம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள்.

நானும் அவளும் நவகன்னியர் இல்லத்தில், அதாவது முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் பயிற்சி பெறுபவர்கள் இருக்கும் இல்லத்தில், ஒன்றாக இருந்தோம். இரண்டு பேர் தனியாக நெருங்கிப் பழகுவதை அங்கே ஏற்கமாட்டார்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி அன்பு வேண்டும், ஒருத்தியிடம் மட்டும் கூடாது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் துணி காயப்போடும் நேரத்தில்தான். ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடிப்பாள், இரண்டை நான் பிடிப்பேன், மடிக்க நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது மௌனம். இன்னும் நாலு விரிப்பு இருந்தால் அன்றைக்கு நாலு வாக்கியம்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே நான் வீடு திரும்பிவிட்டேன். நவகன்னியர் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதற்கு ரோம் வரை போக வேண்டியதில்லை. காரணத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செபத்தில் மனம் கொஞ்சம் சிதறினாலும் முதலிலிருந்து தொடங்குவேன். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த உடனேயே, ஏதோ ஒன்றை விட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்தி அதிகம் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். எனக்குத் தூக்கம் போயிருந்தது.

பல ஆண்டுகள் கழித்து அதற்குப் பெயர் சொன்னவள் உன் பெரியம்மா. எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம் அது, ஓசிடி. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருக்கே 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே போன்ற வேதனை வந்தது. செய்த பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போனார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் உனக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "நான் உன் சிநேகிதி. சிநேகிதியா இருந்துட்டு அந்த நாற்காலியில உட்கார முடியாது" என்று சொல்லி, வேறொருவரின் எண்ணை எழுதிக் கொடுத்தாள். ஒரு காலத்தில் எங்களுக்கு மறுக்கப்பட்ட சிநேகத்தை அவள் தொழில் அறத்தின் பெயரால் காப்பாற்றினாள்.

வைத்தியம் கடினமாக இருந்தது. 1966-ல் லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டே நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை அது. பயம் வரட்டும், ஆனால் பயம் கேட்கிற சடங்கைச் செய்யாதே. எனக்கு அதன் அர்த்தம், செபத்தை ஒரே ஒரு முறை, பிழையோடு சொல்லிவிட்டு எழுந்துவிடுவது. முதல் நாள் முழங்கால் எழ மறுத்தது. மெல்ல மெல்லப் பழகியது. இன்று நான் செபிக்கிறேன், தூங்கவும் செய்கிறேன்.

தன்னிடம் வந்தவர்களைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தொழிலைப் பற்றிப் பேசுவாள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் என்றால் அவளுக்கு உயிர். அவரும் 1920-களில் நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் உளவியலுக்கு மாறியவர். எதிரே இருப்பவரை எந்த நிபந்தனையும் வைக்காமல் ஏற்க வேண்டும் என்று அவர் எழுதியது அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லையாம். மடத்தில் அதைத்தான் தினமும் வாசித்தோம் என்பாள். மௌனத்துக்கும் அவள் பயப்பட மாட்டாள். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் அவளும் இருப்பாள், அந்த இடைவெளியை அவசரமாக நிரப்ப மாட்டாள். மடம் கொடுத்த பயிற்சி அது. மடம் கொடுக்காத ஒன்றையும் அவள் கற்க வேண்டியிருந்தது. கோபம். வெளியே வந்து வெகுநாள் வரை யாராவது அவளை ஏமாற்றினால்கூட "பரவாயில்லை" என்றுதான் சொல்வாள். முதல் முறை ஒருவரிடம் குரலை உயர்த்திவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலில் அப்படி ஒரு பெருமிதம்.

சேர்ந்ததும் அவளுடைய முடிவு, விலகியதும் அவளுடைய முடிவு. ஒன்றைப் பெருமையாகவும் மற்றொன்றை அவமானமாகவும் யாராவது உன்னிடம் பேசினால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதே.

இன்னொரு விஷயம், இது அவசரம். அவளுடைய இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நோட்டுகள் அவளிடம் வந்தவர்களைப் பற்றியவை. திறந்து பார்க்காதே, வீட்டில் யாரையும் பார்க்க விடாதே, பழைய பேப்பரோடு போட்டும் விடாதே. அவளோடு வேலை பார்த்தவர் அடுத்த வாரம் வருவார், அப்படியே அவரிடம் ஒப்படைத்துவிடு. எதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மேல்தட்டில் இருப்பவை அவளுடைய சொந்தக் குறிப்புகள். அவை உனக்குத்தான், என்னிடமே சொல்லியிருக்கிறாள். படித்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
உன் பெரியம்மாவின் சிநேகிதி