அமிர்தபாலைச் செடிக்கு நாற்றங்கால் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.

பெறுநர்:
கள இயக்குநர் அவர்கள்,
களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம்,
திருநெல்வேலி.

பொருள்: அகத்தியமலை அமிர்தபாலைக்குக் காணிப் பழங்குடி மக்களைக் கொண்டு நாற்றங்கால் அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அகத்தியமலையில் கண்ட அமிர்தபாலை என்னும் குறுஞ்செடி அதுவரை அறிந்த எந்தப் பேரினத்திலும் அடங்காததால், 1978-ல் ஜே. ஜோசப், வி. சந்திரசேகரன் ஆகிய இரு தாவரவியலாளர்கள் அதற்கெனத் தனிப் பேரினமே வகுத்தார்கள். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இ. கே. ஜானகி அம்மாளைப் போற்றி அதற்கு ஜானகியா என்று பெயர் வைத்தார்கள். கிள்ளினால் பால் வடியும். கிழங்கு போலத் தடித்த வேர் கமகமவென்று மணக்கும். பின்னாளில் இதை மாகாளிக்கிழங்கின் பேரினமான டெகலெபிஸில் சேர்த்துவிட்டார்கள். நன்னாரியும் நெருங்கிய உறவுதான். பேரினம் மாறினாலும் செடியின் அருமை குறையவில்லை. மாகாளிக்கிழங்கு பல மலைகளில் கிடைக்கும். இதுவோ மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மட்டும்தான்.

அறிவியல் பெயர் வருவதற்கு வெகுமுன்பே காணி மக்கள் இதை அமிர்தபாலை என்று அறிந்திருந்தார்கள். வயிற்றுப் புண்ணுக்கும் உடல் தெம்புக்கும் வேரைக் கொடுப்பார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இலை மருந்தென்றால் பறித்தாலும் துளிர்த்துவிடும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடுகிறது. வெளியாட்கள் விற்பனைக்குத் தோண்ட ஆரம்பித்தால் பாறைச் சரிவுகளில் மிஞ்சியிருப்பதும் தாங்காது.

ஆகவே அகத்தியர் காணிக் குடியிருப்பு, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணி மக்களின் பொறுப்பில் நாற்றங்கால்கள் அமைத்து, கூலியும் பயிற்சியும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். திசு வளர்ப்பில் நாற்று உண்டாக்கிக் காட்டில் நட்டுப் பார்த்த ஆய்வு ஏற்கெனவே வெளிவந்திருக்கிறது. அதனால் இது நடக்காத காரியமல்ல. கேரளத்தில் பாலோடு என்னும் ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவின் உதவியையும் நாடலாம். ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து ஜீவனி மருந்தை உருவாக்கி, வருமானத்தில் காணி மக்களுக்குப் பங்கு கொடுத்தவர்கள் அவர்கள். இங்கும் வளர்த்த வேரிலிருந்து வருமானம் வந்தால், அம்மக்களின் பங்கை முதலிலேயே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

அப்புறம், இன்னொரு வேண்டுகோள். செடி நிற்கும் இடங்களைக் கணக்கெடுத்தாலும் அந்த விவரத்தைத் துறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையோ வரைபடமோ வேண்டாம். அது வேர் தோண்டுபவர்களுக்கு வழிகாட்டியாகிவிடும்.

வரும் பருவமழைக்கு முன் ஒரு குடியிருப்பிலாவது பணியைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)